75 விழுக்காட்டுக் கோடு: டோட்டல் லாஸ் ஆன காருக்குக் காப்பீட்டுப் பணம் எப்படி முடிவாகிறது?

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர் கணவாயில் சரிந்து இறங்குகிறது. பிரேக் பிடிக்காமல் ஓடிய ஒரு லாரி அந்தச் சரிவில் முன்னால் சென்ற கார்களை வரிசையாக இடித்துத் தள்ளியது என்ற செய்தியை இப்பகுதி மக்கள் ஆண்டுதோறும் படிக்கிறார்கள். உயிரிழப்பு, காயம், போக்குவரத்து நெரிசல் என்பதோடு செய்தி முடிந்துவிடும். நசுங்கிய காரைக் கிரேனில் ஏற்றி ஒர்க்‌ஷாப்பில் இறக்கிய பிறகு அந்தக் குடும்பத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே மாதக்கணக்கில் நடப்பது யாருக்கும் தெரிவதில்லை. காயம்பட்டவரைக் கவனித்துக்கொண்டே, மாதத் தவணையையும் கட்டிக்கொண்டு, யாரோ நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடுகிற நிலையில் இருக்கிற குடும்பத்துக்கு அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று விளங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிடைக்கப்போகும் பணத்தின் உச்ச வரம்பு விபத்து நடப்பதற்கு முன்பே, பாலிசி எடுத்த அன்றே முடிவாகிவிடுகிறது. பாலிசித் தாளின் முதல் பக்கத்தில் ஐடிவி, அதாவது காப்பீட்டுக்காக அறிவிக்கப்பட்ட மதிப்பு, என்று அச்சிட்டிருக்கும் தொகைதான் அது. காரைத் தயாரித்த நிறுவனம் அறிவித்திருக்கும் விற்பனை விலையிலிருந்து, காரின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து இத்தொகை கணக்கிடப்படுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட காருக்கு 5 விழுக்காடும், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 விழுக்காடும் கழிக்கப்படும். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காருக்கு அட்டவணை கிடையாது. நிறுவனமும் உரிமையாளரும் ஒப்புக்கொள்ளும் தொகையே ஐடிவி. சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இந்தக் கணக்கில் சேராது என்பதால், ஷோரூமில் கொடுத்த மொத்தப் பணத்தை மனத்தில் வைத்திருப்பவருக்கு ஐடிவி எப்போதும் குறைவாகவே தோன்றும்.

இணையத்தில் பாலிசியைப் புதுப்பிக்கும்போது ஐடிவியைக் கூட்டவோ குறைக்கவோ ஓர் இடம் இருக்கும். அதை ஒரு லட்ச ரூபாய் குறைத்தால் பிரீமியத்தில் மிச்சமாவது சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரண்டாயிரம் வரைதான். ஆனால் கார் முழுதாகப் போனால் அந்த ஒரு லட்சமும் திரும்பி வராது. பிரீமியம் மலிவாக இருக்கிறது என்று ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு அடிமட்ட ஐடிவிக்கு ஒப்புக்கொண்டவர்கள்தான் பிற்பாடு மிகவும் வருந்துகிறார்கள். அந்த நிலையில் எந்த மன்றமும் அவர்களுக்குப் பெரிதாக உதவ முடியாது. அவர்களே ஒப்புக்கொண்ட தொகை அது.

இதே விதி நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. டோட்டல் லாஸ், அதாவது முழு இழப்பு, என்று முடிவான காருக்குப் பாலிசிக் காலம் முழுவதும் ஐடிவியே சந்தை மதிப்பாகக் கொள்ளப்பட வேண்டும்; அதிலிருந்து மீண்டும் தேய்மானம் கழிக்கக் கூடாது என்று பாலிசி வாசகமே சொல்கிறது. ஆகவே, ‘இந்த மாடல் இப்போது பழைய கார் சந்தையில் இவ்வளவுக்குத்தான் போகிறது, அதையே தருவோம்’ என்று நிறுவனத்தின் தரப்பில் பேச்சு எழுந்தால், அதை ஏற்கத் தேவையில்லை. ஒரு மதிப்பை ஏற்று அதற்குரிய பிரீமியத்தை வாங்கிக்கொண்ட நிறுவனம் இழப்பீட்டு நேரத்தில் அம்மதிப்பிலிருந்து இறங்கி வர முடியாது என்பதை தர்மேந்திர கோயல் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. டோட்டல் லாஸில் ஐடிவியிலிருந்து கழிக்கப்பட வேண்டியது, உரிமையாளர் தாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவும், உரிமையாளர் தாமாகக் கூடுதல் கழிவு எதையும் ஏற்றிருந்தால் அதுவும்தான். தனியார் காருக்கான கட்டாயக் கழிவு 1500 சிசி வரை 1,000 ரூபாய்; அதற்கு மேல் 2,000 ரூபாய்.

ஒரு கார் எப்போது டோட்டல் லாஸ் ஆகிறது என்பதில்தான் உண்மையான இழுபறி தொடங்குகிறது. தீயில் எரிந்து எலும்புக்கூடாகிவிட்ட காரில் சிக்கல் இல்லை. முன்பக்கம் சிதைந்து, ஏர்பேக் விரிந்து, சேசிஸ் வளைந்து, ஆனாலும் செலவழித்தால் ஓட்டிவிடலாம் என்ற நிலையில் நிற்கிற கார்தான் பிரச்சினை. மீட்டெடுக்கவும் பழுதுபார்க்கவும் ஆகும் மொத்தச் செலவு, பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஐடிவியின் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது டோட்டல் லாஸாகவே கருதப்படும் என்பது பாலிசியின் வாசகம். இதில் ‘பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ என்ற சிறு தொடரை நிறுவனங்கள் தங்களுக்குச் சாதகமாகப் படிக்கின்றன. ஒர்க்‌ஷாப் தருகிற எஸ்டிமேட் அவர்களுக்குப் பொருட்டில்லை. பாகங்களுக்கு உரிய தேய்மானத்தைக் கழித்த பிறகு தாங்கள் கொடுக்க வேண்டிய நிகரத் தொகை 75 விழுக்காட்டைத் தாண்டுகிறதா என்றே பார்க்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் கனம் புரியும். விற்பனை விலை 9,00,000 ரூபாயாக உள்ள, மூன்றாண்டு கடந்து நான்காம் ஆண்டில் ஓடுகிற ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 40 விழுக்காடு கழித்தால் ஐடிவி 5,40,000; அதன் 75 விழுக்காடு 4,05,000. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஒப்புக்கொண்ட பழுதுச் செலவு 4,60,000 என்றும், அதில் உலோகப் பாகங்கள் 2,40,000, பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக் முதலியவை 1,40,000, கூலி 80,000 என்றும் வைத்துக்கொள்வோம். அந்த வயதுக் காரின் உலோகப் பாகத்துக்கு 25 விழுக்காடும், பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 விழுக்காடும் தேய்மானம் கழிக்கப்படும். கழிவு 60,000-உம் 70,000-உம் சேர்ந்து 1,30,000 ஆகிறது. நிறுவனத்தின் பொறுப்பு 3,30,000-ஆகக் குறைந்து கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. இப்போது இது டோட்டல் லாஸ் இல்லை, ரிப்பேர் கேஸ். உரிமையாளர், கட்டாயக் கழிவு 1,000-ஐயும் சேர்த்து, 1,31,000 ரூபாயைத் தம் கையிலிருந்து கொடுத்து, ஒருமுறை சேசிஸ் வளைந்து நிமிர்ந்த காரை வீட்டுக்கு ஓட்டிவர வேண்டும். மொத்தச் செலவை வைத்துக் கோட்டைப் போட்டிருந்தால் அவருக்கு 5,39,000 ரூபாய் கிடைத்திருக்கும்.

இந்த வாசிப்பை அப்படியே விழுங்கிக்கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து. வாசகத்தில் இருப்பது ‘பழுதுபார்க்கும் மொத்தச் செலவு’ என்ற சொற்றொடர். ‘நிறுவனம் கொடுக்க வேண்டிய தொகை’ என்பதன்று. இருபொருள் படும் வாசகத்தை, அதை எழுதிய தரப்புக்கு எதிராகவே படிக்க வேண்டும் என்பது காப்பீட்டுச் சட்டத்தில் நெடுங்காலமாக உள்ள நெறி. பாலிசியில் ஜீரோ டெப், அதாவது மக்கள் பம்பர் டு பம்பர் என்று சொல்லும் கூடுதல் பாதுகாப்பு இருந்தால், தேய்மானக் கழிவே கிடையாது என்பதால் மேற்சொன்ன கணக்கில் நிகரத் தொகையும் 4,60,000-ஆகவே நிற்கும். கார் ஐயமின்றி டோட்டல் லாஸ் ஆகும். இருந்தும், அந்தப் பிரிவு பாலிசியில் இருப்பதை மறந்துவிட்டு ரிப்பேருக்கு ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற பிரிவும் இருந்தால் ஐடிவிக்கும் காரை வாங்கிய விலைக்கும் உள்ள இடைவெளியையும் நிறுவனமே ஈடுசெய்ய வேண்டும். பொதுவாகப் புதிய கார்களுக்கே அதைக் கொடுக்கிறார்கள்.

கோட்டின் எந்தப் பக்கம் கார் விழுகிறது என்பது சர்வேயரின் பட்டியலைப் பொறுத்தது. மோட்டார் வாகன இழப்பு 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும் என்பது விதி. அவருக்கு ஊதியம் கொடுப்பது நிறுவனம் என்றாலும், சட்டப்படி அவர் இரு தரப்புக்கும் நடுநிலையானவர். அவர் பார்க்க வருகிற நாளில் உரிமையாளரோ விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவரோ அருகில் இருப்பது மிகவும் முக்கியம். வெளியில் தெரிகிற சேதத்தை மட்டும் எழுதிக்கொண்டு, பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரியும் கியர்பாக்ஸ், ஸ்டியரிங், வயரிங் சேதத்தைப் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டால், முதல் மதிப்பீடு கோட்டுக்குக் கீழே நின்றுவிடும். ரிப்பேர் பாதியில் இருக்கும்போது கூடுதல் சேதம் தெரிந்து, அதன் சுமை உரிமையாளர் தலையில் விழும். எந்தெந்தப் பாகம் மாற்றப்பட வேண்டும், எது தட்டி நிமிர்த்தினால் போதும் என்று சர்வேயர் சொல்கிறாரோ அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அவரது அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு. அந்த அறிக்கையே முடிந்த முடிவு என்று நிறுவனம் சொன்னால், சர்வேயர் அறிக்கை மாற்ற முடியாத இறுதிச் சொல் அன்று எனப் பிரதீப் குமார் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவுபடுத்தலாம்.

காலக்கெடுவும் பாலிசிதாரருக்கு ஆதரவாக இறுகியிருக்கிறது. 2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும். 15 நாளுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாளுக்குள் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். ஆவணம் ஒன்று குறைகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கிளைமை நிராகரிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. நம் மாவட்டங்களில் கார் விழுவது ஒரு காவல் நிலைய எல்லையில், ஒர்க்‌ஷாப் சேலத்திலோ ஓசூரிலோ, முடிவெடுக்கும் அலுவலகம் வேறு நகரில் என்று மூன்று இடங்களாகப் பிரிந்து கிடப்பதால், தொலைபேசியில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும். ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் ‘இன்று இன்ன தேதியில் இன்னது சொன்னீர்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவைப்பது பிற்பாடு பெருந்துணையாக அமையும். இழுத்து வரும் கூலிக்கு நிலையான பாலிசியில் 1,500 ரூபாய்தான் உச்ச வரம்பு; தொப்பூரிலிருந்து சேலம் வரை கிரேனில் கொண்டுபோக அது போதாது. டோட்டல் லாஸ் என்று முடிவாகத் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒர்க்‌ஷாப் பார்க்கிங் கட்டணம் கேட்கக்கூடும் என்பதால், தாமதம் நிறுவனத்தின் தரப்பில் என்றால் அதை அன்றன்றே எழுத்தில் பதிந்துவைக்க வேண்டும். காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதோ எஃப்ஐஆர் நகலோ வாங்குவதும், எஃப்ஐஆர் பதிவான விபத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது மக்கள் சொல்லும் பிரேக் இன்ஸ்பெக்டர், காரைப் பார்த்துத் தரும் அறிக்கையும் கோப்பில் இருக்க வேண்டியவை.

விபத்து மட்டுமே காரை அழிப்பதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் வாகனங்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட காட்சியை எல்லோரும் பார்த்தோம். முழுப் பாதுகாப்புப் பாலிசியில் வெள்ளச் சேதமும் அடங்கும்; வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் அடங்காது. தண்ணீரில் நின்ற காரில் பலரும் செய்கிற தவறு, வெள்ளம் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்ப்பது. நீர் புகுந்த இன்ஜினை இயக்கினால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் சேதம் வெள்ளத்தால் நேரடியாக வந்ததன்று, நீங்கள் இயக்கியதால் தொடர்விளைவாக வந்தது என்று சொல்லி நிறுவனம் இன்ஜினைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும். இன்ஜின் நீங்கினால் மதிப்பீடு மறுபடியும் 75 விழுக்காட்டுக் கோட்டுக்குக் கீழே போகும். காரைத் தொடாமல், நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதற்கான சேற்றுக் கோடு தெரியும்படி படமெடுத்து, இழுத்துக்கொண்டு போகச் செய்வதே சரி.

டோட்டல் லாஸ் என்று முடிவான பிறகு நொறுங்கிய காரின் கதை தொடங்குகிறது. சால்வேஜ் எனப்படும் அந்த உடைந்த காருக்கு நிறுவனம் பழைய வாகன வியாபாரிகளிடம் இணைய வழியில் விலை கேட்கிறது. மேற்சொன்ன காருக்கு ஒருவர் 1,40,000 கேட்டிருந்தால், நிறுவனம் 3,99,000 கொடுக்கும், வியாபாரி 1,40,000-ஐ நேரடியாக உரிமையாளருக்குக் கொடுத்துக் காரை எடுத்துக்கொள்வார் என்பதுதான் நடைமுறையில் பெரிதும் காணப்படும் ஏற்பாடு. இரண்டு தொகையும் சேர்ந்தால்தான் 5,39,000 ஆகிறது. ஆனால் அந்த வியாபாரி பின்வாங்கிவிட்டு, வேறொருவர் 90,000-தான் தருவேன் என்று வந்தால் குறையும் 50,000 யாருடையது? முதல் விலையை நிறுவனமே கொண்டுவந்திருந்தால், குறைவுக்கும் அதுவே பொறுப்பு என்று உரிமையாளர் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வியாபாரியின் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேராமல் காரையோ சாவியையோ ஆர்சியையோ கொடுக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஆர்சியில் இருக்கிறது. எங்கள் உறவுக் குடும்பம் ஒன்றின் கார் காவேரிப்பட்டணம் அருகே நொறுங்கி, பணம் வந்து, காரும் போய், எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்த ஓராண்டுக்குப் பின், அதே பதிவெண்ணுக்கு வேறு மாநிலத்திலிருந்து அபராதச் செய்தி வந்தது. கார் யார் கையில், எந்த உருவில் ஓடுகிறது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஆர்டிஓ பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், அபராதம் மட்டும் வந்தது அவர்கள் நல்ல காலம். சேசிஸ் எண்ணை வெட்டியெடுத்துத் திருட்டு காரில் ஒட்டவைக்கும் கூட்டத்துக்கு டோட்டல் லாஸ் காரின் ஆர்சி பொன்னைப் போன்றது. இனி ஓடாது என்ற நிலையில் உள்ள காரின் பதிவை ரத்து செய்யக் கோரி 14 நாளுக்குள், அல்லது இயன்ற விரைவில், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. டிஎன் 29 எண் என்றால் தருமபுரி, டிஎன் 24 என்றால் கிருஷ்ணகிரி, டிஎன் 70 என்றால் ஓசூர் அலுவலகம். ரத்து இல்லையென்றால் வாங்குபவர் பெயருக்கு 29, 30-ஆம் எண் படிவங்கள் மூலம் மாற்றிக் கொடுக்க வேண்டும். வெறும் கையெழுத்திட்ட படிவத்தை இடைத்தரகரிடம் நீட்டுவது இரண்டிலும் சேராது.

கடனில் வாங்கிய கார் என்றால் பணம் முதலில் கடன் கொடுத்த வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ போகும். மிச்சம் இருந்தால்தான் உரிமையாளருக்கு. கிளைம் நடக்கும் மாதங்களிலும் தவணை நிற்காது. கடன் பாக்கியைவிட ஐடிவி குறைவாக இருந்தால், கார் இல்லாமலே கடன் கட்ட வேண்டிய நிலை வரும்.

முழுவதுமாக நிராகரிக்கப்படும் கிளைம்களில் இப்பகுதிக்கே உரிய இரண்டு காரணங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு ஓன் போர்டு, அதாவது சொந்தப் பயனுக்குப் பதிவான, காரை வாடகைக்கு ஓட்டுவது. தனிப்பயன் பாலிசியில் வாடகைக்கு ஓடியது தெரிந்தால் நிறுவனம் கைவிரித்துவிடும். எனினும் அமலேந்து சாஹு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், அத்தகைய மீறலுக்காக முழுக் கிளைமையும் தள்ளிவிடாமல் நான்-ஸ்டாண்டர்டு அடிப்படையில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும் என்றது. மற்றொன்று, பழைய கார் வாங்கியவர் ஆர்சியை மாற்றிவிட்டுப் பாலிசியை மாற்றாமல் விடுவது. தேர்டு பார்ட்டி பாதுகாப்பு சட்டப்படி தானாகவே புதிய உரிமையாளருக்கு வரும். சொந்த காரின் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயர் மாற்றிக்கொள்ளாதவர், காரும் பணமும் இரண்டும் இழப்பார்.

தவறு முழுவதும் எதிரே வந்த லாரியுடையது என்றால், அதன் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே பெற மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். பிறர் சொத்துச் சேதத்துக்கு வணிக வாகனப் பாலிசியில் வழக்கமான வரம்பு 7.5 லட்ச ரூபாய். மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. தம்மிடம் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டுமே உள்ளவருக்கு இதுவே ஒரே வழி. முழுப் பாலிசி உள்ளவர் தம் நிறுவனத்திடமே வாங்கிக்கொள்வது விரைவானது. ஒரே இழப்புக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது.

பணம் தரும் முன் நிறுவனம் டிஸ்சார்ஜ் வவுச்சர் ஒன்றில் முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி உரிமை கோர மாட்டேன் என்று கையெழுத்து கேட்கும். தொகையில் உடன்பாடு இல்லாதவர் ‘எதிர்ப்புக்கு உட்பட்டுப் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஏமாற்றியோ நெருக்கடி கொடுத்தோ பெறப்பட்ட வவுச்சர், நுகர்வோர் வழக்குக்குத் தடையாகாது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நெருக்கடியை நிரூபிக்கும் சுமை கையெழுத்திட்டவருடையது.

புகார் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் போக வேண்டும். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதியலாம். ஒரு மாதத்தில் நிறைவான பதில் வராவிட்டால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும், தமிழ்நாட்டுக்கான காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன் சென்னையில் இருக்கிறார். 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கையைக் கட்டணமின்றி, வழக்கறிஞர் இல்லாமல் கொண்டுபோகலாம். நிறுவனம் நிராகரித்ததிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். புகார்தாரருக்கு அது பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. ஆனால் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்கிருந்தால் ஓம்பட்ஸ்மேன் அதைத் தொடமாட்டார் என்பதால் வரிசை முக்கியம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கார் அத்திப்பள்ளியில் நொறுங்கியிருந்தாலும், பாலிசி மும்பையில் அச்சாகியிருந்தாலும், ஓசூர்க்காரர் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்தில் நிற்கலாம். கொடுத்த பிரீமியத்தை வைத்தே கட்டணம் கணக்கிடப்படுவதால், 5 லட்சத்துக்கு உட்பட்ட எந்த பிரீமியத்துக்கும் கட்டணமே இல்லை. இரண்டாண்டுக் கெடு பெரும்பாலும் நிராகரிப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணப்படும். அக்கடிதம் வந்த உறையையும் அஞ்சல் முத்திரையோடு சேர்த்து வைத்திருப்பது நல்லது.